மேஜை ஆட்டமும் மூளை ஓட்டமும்: ஆண்டர்சன்பேட்டை டீக்கடை ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆடும் மேஜையாவது, நான்கு கால்களில் ஒன்று தரையோடு உடன்படாதது. தரைதான் காலோடு உடன்படவில்லை என்பாரும் உளர், அவர்கள் தச்சர்கள்.

ஆய்வுக்களம் கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டீக்கடை. ஆய்வுக்கு உட்பட்டோர், 2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸ் மூடியதிலிருந்து காலைப்பொழுது தாராளமாகிவிட்ட பெரியவர்கள். முதல் நாள், "இந்தக் காலுக்கு அடியில இன்னா வைக்கலாம்?" என்று கேள்வி போடப்பட்டது. சிகரெட் அட்டை, மடித்த பேப்பர், ஓட்டுச்சில்லு என்று விடைகள் குவிந்தன. பிறகு எத்தனை மடிப்பு என்பதில் சண்டை. விடையில் முக்கால்வாசியைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டால், மிச்சத்துக்கு மூளை எதற்கு?

கார்ல் டுங்க்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதையே மெழுகுவத்தி கொண்டு காட்டினார். கதவில் மெழுகுவத்தியை நிறுத்தவேண்டும்; கையில் ஒரு பெட்டி, குத்தூசிகள். பெட்டியையே கதவில் குத்தித் தட்டாக்கலாம். வெறும் பெட்டியாகக் கொடுத்தால் பலருக்கு இது தோன்றுகிறது. ஊசி நிறைத்துக் கொடுத்தால் பலருக்கு அது கடைசிவரை ஊசிப்பெட்டிதான்.

ஜெர்மனிவரை போயிருக்க வேண்டாம். பக்கத்திலேயே சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம். சுரங்கக் கம்பெனிக்கு ஆழம் என்றாலே தலைவலி: பாறை கொதிக்கும், சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். 1960களில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அண்டக்கதிர்த் துகள்களான மியூயான்களை எண்ண அங்கே இறங்கினார்கள். அடிமட்டத்தில் வாரக்கணக்கில் ஒன்றுகூட வரவில்லை. தோல்வி என்று எழுதி மேலே ஏறியிருக்கலாம். எதுவும் வராத இடத்தில் ஏதாவது வந்தால் அது எந்தப் பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோ என்ற துகளின் வேலையாகத்தான் இருக்கும் என்று கணக்கையே திருப்பிப் போட்டார்கள். 1965இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானிய, பிரிட்டிஷ் சகாக்களோடு அதன் தடத்தைப் பிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவிலும் அதே ஆண்டு அகப்பட்டது. அதுவும் தங்கச் சுரங்கத்தில்தான்.

மறுநாள் டீக்கடையில் காலைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், "டீ ஏன்ணா சிந்துது?" என்று மட்டும் கேட்கப்பட்டது. நின்னுக்கினே குடிக்கலாம் என்றார் ஒருவர். மேஜையைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொன்னார் இன்னொருவர். நகைக்கவேண்டாம்: கால்கள் சமமான சதுர மேஜையை, தரை ரொம்பச் செங்குத்தாக இல்லாதவரை, கால் சுற்றுக்குள் திருப்பினாலே நான்கு காலும் பதியும் நிலை ஒன்று உண்டு என்பது கணிதத்தில் நிறுவப்பட்டது. மூன்றாமவர், கிளாஸில் அரை விரல் குறைத்து ஊற்றச் சொன்னார்.

கடைக்காரர் ஏற்றுக்கொண்டது மூன்றாவதை மட்டுமே. விலை பழையதே.