இருநூறு ரூபாய் வல்லரசு

உலகின் நான்காவது பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டோம் என்று 2025 மே மாதம் நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரி அறிவித்தார். ஜப்பானை முந்திவிட்டோமாம். காரைக்காலில் யாரும் வெடி வெடிக்கவில்லை. பென்ஷன் கியூவில் கிழவிகள் அவரவர் இடத்திலேயேதான் நின்றார்கள்.

எங்கள் ஊர் செல்வத்தைப் பார்க்காத ஊர் அல்ல. நிரவியில் ஓ.என்.ஜி.சி. கீழவாஞ்சூரில் துறைமுகம், 2023-இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்துக்குக் கைமாறியது. திருநள்ளாற்றில் சனீஸ்வரன். மண்ணுக்கடியில் எரிவாயு, கடலில் கப்பல், வானத்தில் கிரகம். எல்லாத் திசையிலும் காசு ஓடுகிறது. நடுவில் குந்தியிருக்கும் ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் ஓய்வூதியம் மாதம் 200 ரூபாய்.

அச்சுப்பிழை அல்ல. 2007-இல் இந்தத் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரைச் சூட்டியபோதும் 200. இன்றும் 200. பெயருக்குச் சொந்தமான கட்சி போய் வேறு கட்சி வந்தது. தொகை அசையவில்லை. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. ஒரு டீக்குக் காணாது. 80 வயதைத் தொட்டால் 500. அந்த 200-ஐ வைத்துக்கொண்டு 80 வரை உயிரோடிருப்பது அவரவர் சாமர்த்தியம்.

புதுச்சேரி அரசு தன் பங்கைச் சேர்த்துச் சில ஆயிரமாக்கித் தருகிறது என்பதால்தான் இங்கே அடுப்பு எரிகிறது. அதற்காக அந்த அரசுக்கும் மாலை போட வேண்டாம். கிழவிக்கு ரேஷனில் அரிசியா, கணக்கில் பணமா என்று அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும் முதல்வர் நாராயணசாமியும் மோதி, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் பல ஆண்டு பூட்டிக் கிடந்தன. 2024 தீபாவளிக்குத்தான் திறந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பசியும் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தது போலும்!

வரும் பணத்தையாவது சும்மா எடுக்க முடியுமா? கைரேகை விழ வேண்டும். நாற்பது வருஷம் நாற்று நட்ட விரல், மீன் செதில் சுரண்டிய விரல். ரேகை எப்போதோ போய்விட்டது. “விழலியே பாட்டி, தொடைச்சிட்டு வைங்க.” முந்தானையில் துடைக்கிறாள். வைக்கிறாள். விழவில்லை. உடம்பு முழுக்க எதிரில் நிற்கிறது. மிஷினுக்கு விரல் நுனி போதவில்லை. உழைத்ததற்கு அத்தாட்சியான விரல்தான், உதவி வாங்கத் தகுதியற்ற விரல்.

எலும்பும் தோலுமான பேயுருவைச் சிவனிடம் வேண்டிப் பெற்றார் காரைக்கால் அம்மையார். ஆனி பௌர்ணமியில் அவருக்காக மாடியிலிருந்து மாங்கனி வீசுகிறோம். கீழே மடியேந்தி நிற்கும் கிழவிகளுக்கு அதே உருவம் வேண்டாமலே வாய்த்திருக்கிறது. இந்த ஊரில் மனுப்போடாமல் கிடைக்கிற ஒரே அரசு உதவி அதுதான்.

இதே காரைக்காலில் இன்னொரு வகைப் பாட்டியும் உண்டு. புருஷன் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். 1954 நவம்பர் 1-இல் கொடியை இறக்கிவிட்டுப் போன தேசத்திலிருந்து அவளுக்கு யூரோவில் பென்ஷன் வருகிறது. வெள்ளைக்காரன் தருமவான் என்று சொல்ல வரவில்லை. இந்தோசீனாவில் ரத்தத்தை வாங்கிக்கொண்டு கொடுத்த கூலி அது. ஆனாலும் மூட்டை கட்டிப் போனவன் அனுப்புவதில் ஒரு பாட்டி கௌரவமாக வாழ்கிறாள். ஏறிய கொடியை நம்பிய பாட்டிக்கு 200. வெட்கமாக இல்லையா?

விலைவாசி ஏறியது டெல்லிக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். 2025 மார்ச்சில் எம்.பி. சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது. முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியம் 25,000-லிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. விலைவாசிக் குறியீட்டோடு சட்டத்திலேயே முடிச்சுப் போட்டுவிட்டார்கள், தானாக ஏறும். யாரும் கியூவில் நிற்கவில்லை. யாரும் விரலைத் துடைக்கவில்லை.

2047-இல் வளர்ந்த நாடாகிவிடுவோமாம். இன்று எழுபதில் இருப்பவர் தொண்ணூறைத் தாண்டிக் காத்திருக்க வேண்டும். அதுவரை ஒரு சின்னக் கணக்கு. எம்.பி.க்களுக்குப் போட்ட அதே குறியீட்டை 2007-இன் 200 ரூபாய்க்கும் போட்டால், 2024-25-இல் 562 ரூபாய் வருகிறது. அதுவும் பிச்சைக்காசுதான். அந்தப் பிச்சையிலும் 362 ரூபாயை மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார்கள். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சேர்த்து மக்களவையில் நமக்கு இருப்பது ஒரே ஓர் எம்.பி. அடுத்த முறை கும்பிட்டபடி வாசலுக்கு வரும்போது இந்த 362 ரூபாயைக் கேளுங்கள்.