பிரேக் பக்தர்

ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பகுதியில் நூர்பர்க்ரிங் என்ற பந்தயத் தடம் இருக்கிறது. 1927-இல் திறக்கப்பட்ட அதன் வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர் நீளம். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் கட்டணம் கட்டினால் எவரும் சொந்தக் காரை அதில் விரட்டலாம். அங்கே கார் நிறுத்தும் திடலில் இரண்டு இனத்தாரைப் பார்க்கலாம். ஒருவர் எஞ்சினைப் பற்றிப் பேசுவார். கேட்கக் கூட்டம் கூடும். மற்றவர் தம் போர்ஷே 911 ஜிடி3-இன் சக்கரத்தருகே முட்டி போட்டு, ஆரக்கால்களின் இடுக்கில் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார்; அவர் பேச ஆரம்பித்தால் கூடிய கூட்டமும் கலையும். ஐந்நூறு குதிரைத்திறன் காரை வாங்கிவிட்டு, அது நிற்பதை மட்டுமே நினைந்து உருகும் இவர்தான் பிரேக் பக்தர். இவரைக் கிறுக்கர் என்று தள்ளிவிடுவது சுலபம், ஆனால் நியாயமல்ல. புது பிரேக்கைப் பழக்கும்போது இவர் அசல் விஞ்ஞானி. அதே பிரேக் மக்கர் செய்யும்போதுதான் ஜோசியராகிவிடுகிறார். இரண்டு அவதாரத்துக்கும் மூலகாரணம், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் இவரே பூசிய ஒரு மெல்லிய படலம்.

முதலில் விஞ்ஞானியைப் பார்ப்போம். புது டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் மாட்டிய மறுநாள், கோழி கூவும் முன்பே எழுந்து ஆளில்லாத நேர்சாலை ஒன்றைத் தேடிப் போவார். நூறு கிலோமீட்டர் வேகம் பிடிப்பார். ஏபிஎஸ் குறுக்கிடாத அளவுக்கு அழுத்தி மிதித்து இருபதுக்கு இறக்குவார். உடனே மறுபடி நூறு. இப்படி எட்டுப் பத்து தடவை. நடுவில் வண்டி முழுதாக நின்றுவிடக் கூடாது. கடைசியில் பிரேக்கைத் தொடாமலே சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுவார். பின்னால் வருகிறவருக்குப் போலீஸைக் கூப்பிடத் தோன்றும். ஆனால் இதில் பைத்தியக்காரத்தனம் எதுவுமில்லை. பேடு வெறுமனே டிஸ்க்கைத் தேய்த்து மட்டும் காரை நிறுத்துவதில்லை. சூடேறியதும் பேடின் பொருள் கொஞ்சம் டிஸ்க்கில் ஒட்டிப் படலமாகிறது. பிறகு பேடும் அந்தப் படலமும் ஒன்றையொன்று பற்றிப் பற்றி விடுவதிலும் பிடிப்பு கிடைக்கிறது. படலம் எங்கும் ஒரே சீராகப் படியத்தான் இத்தனை ஏற்றமும் இறக்கமும். புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்காமல் அதில் மாவை ஊற்றுகிறவரை எந்த வீட்டிலும் சமையல் தெரிந்தவர் என்று சொல்லமாட்டார்கள். பக்தரின் கட்சியும் அதுதான்.

ஓடுவதற்கு வாங்கிய காரில் நிற்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். கணக்கு பக்தரின் பக்கம் இருக்கிறது. ஒன்றரை டன் கார் நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது உண்டாகும் வெப்பத்தைக் கொண்டு ஏறக்குறைய 1.7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். வேகம் இருநூறானால் வெப்பம் இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகிறது. கிட்டத்தட்ட 7 லிட்டர், அதுவும் சில விநாடிகளில். அடுத்த வளைவில் மறுபடி. வரலாறும் பக்தருக்கே சாட்சி சொல்கிறது. 1953-இல் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றபோது, டிரம் பிரேக் வைத்திருந்த போட்டியாளர்களைவிட வளைவுக்கு அருகில் வந்து பிரேக் பிடிக்க அதன் டிஸ்க் பிரேக்குகள் உதவின. தாமதமாக மிதிக்கத் துணிந்தவன் அதுவரை வேகத்தில் இருக்கிறான். ஆக, நிற்பதைப் பற்றிக் கவலைப்படுவதும் வேகத்தைப் பற்றிய கவலையே.

ஊருக்குள் ஓட்டினால் தானாகவே பழகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. சாதாரணப் பேடுக்கு, சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் பெரும்பாலும் போதும். ஆனால் பக்தர் மாட்டியிருப்பது பந்தயப் பேடு. அது நல்ல சூட்டில்தான் படலத்தைப் பூசும். குளிர்ந்த நிலையில் அரம்போல் வேலை செய்து, பூசியதைச் சுரண்டிவிடும். காலை நெரிசலில் அலுவலகம் போய்வருவதே அந்தப் படலத்துக்கு விரோதம். அதனால் வாரநாட்களில் பக்தர் ரயிலில் போகிறார். கார் வீட்டில் போர்வை போர்த்தி ஓய்வெடுக்கிறது. அயலார் இதைச் சிக்கனம் என்று நினைத்து மெச்சுகிறார்கள்.

இனி ஜோசியர். சில வாரங்கள் கழித்து ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. பக்தர் இறங்குவதற்கு முன்பே தீர்ப்பு தயார்: “டிஸ்க் வளைந்துவிட்டது.” 1960-களில் ஃபோர்டின் ஜிடி40 பந்தய அணியில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியாளர் கேரல் ஸ்மித், இந்த ‘வளைந்த டிஸ்க்’ பெரும்பாலும் கட்டுக்கதை என்று விளக்கி எழுதியிருக்கிறார். நடப்பது வேறு: பேடுப் பொருள் டிஸ்க்கில் சமமில்லாமல் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு மேடு உண்டாகிறது. தடவிப் பார்க்கும் கைக்குத் தெரியாத அந்த மேடு பெடலை மிதிக்கும் காலுக்குத் தெரியும். மேடான இடம் மேலும் சூடேறும். சூடேறிய இடத்தில் மேலும் ஒட்டும். முற்றினால் வார்ப்பிரும்பின் அமைப்பே அங்கு மாறி, சிமென்டைட் என்ற கடினப்பொருள் உருவாகிவிடும். சரி, முதல் மேடு எப்படி வந்தது? ஒரு சுற்றை அனல் பறக்க முடித்துவிட்டு, மறு சுற்றுக்காக நுழைவுத் தடுப்புக் கம்பியின் முன் வரிசையில் காத்திருந்தாரே, அப்போது வந்தது. தகதகக்கும் டிஸ்க்கைப் பேடு இறுகப் பிடித்திருக்க, பெடலில் காலை ஊன்றியபடி நின்றார். பேடு முத்திரை குத்திவிட்டது. சூட்டோடு நிற்காதே என்ற விதியை, பிரேக்கைப் பழக்கிய அந்த விடியற்காலையில் மந்திரம்போல் ஓதியவரும் இவர்தான்.

பக்தர் இதை ஒப்புக்கொள்ளாததற்கு அவரிடம் ஓர் ஆதாரம் இருக்கிறது. புது டிஸ்க் மாட்டியதும் நடுக்கம் போய்விடுகிறது. ஆகவே குற்றம் டிஸ்க்கில்தான் என்கிறார். புது டிஸ்க்கில் மேடு இல்லை, எனவே நடுக்கமும் இல்லை. அதைத் தவிர இது எதையும் நிரூபிப்பதில்லை. அதே கால், அதே வரிசை, மூன்றாம் மாதம் அதே நடுக்கம். இம்முறை சந்தேகம் டிஸ்க்கை விட்டு அதைத் தயாரித்தவர்மேல் பாய்கிறது. பிறகு, பேடுகளை அழுத்தும் காலிப்பர் மஞ்சள் நிறத்தில் வரும் கார்பன்-செராமிக் டிஸ்க்கைப் பற்றிக் கனவு காண்கிறார். போர்ஷே 2001-இல் 911 ஜிடி2-வில் கொண்டுவந்த அந்த டிஸ்க் இரும்பு டிஸ்க்கில் ஏறக்குறைய பாதி எடைதான். விலையில்தான் எடை கூடுகிறது.

மற்றக் கோளாறுகளிலும் இதே தலைகீழ் வைத்தியம். பேடு கிறீச்சிடுகிறதா? குளிர்ந்த பந்தயப் பேடு கிறீச்சிடுவது நோயல்ல, சுபாவம். பக்தரோ நான்கு காலிப்பரையும் கழற்றுகிறார். பெடல் பஞ்சுபோல் அமிழ்கிறதா? முதலில் கேட்க வேண்டியது பிரேக் ஆயிலின் வயதை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். காற்றின் ஈரத்தைக் குடித்தபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். ஆயில் மாற்றிக் காற்றை வெளியேற்றினால் தீரும் தொல்லைக்கு பக்தர் மாஸ்டர் சிலிண்டர் வாங்குகிறார். வளைவு தாண்டிய முதல் மிதியில் மட்டும் பெடல் ஆழமாகப் போகிறதா? பக்கவாட்டு விசையில் சக்கரத்தைத் தாங்கும் ஹப் அசைந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும். அடுத்த வளைவுக்கு முன் நேர்சாலையில் பெடலை லேசாக ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும். செலவே இல்லாத இந்த வைத்தியத்தைத்தான் பக்தர் கடைசியில் நம்புகிறார்.

டிஸ்க் ஒருபோதும் கெடாதா என்று பக்தரின் சார்பில் யாரேனும் வாதாடலாம். கெடும். துளையிட்ட டிஸ்க்கில் துளையோரம் விரிசல் விடும்; ஹப்பில் துரு இருந்தால் டிஸ்க் கோணலாக உட்காரும்; தேய்ந்து குறைந்தபட்சக் கனத்தைத் தொடும். ஆனால் இவையெல்லாம் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் வைத்து அளந்தால் தெரிகிற சங்கதிகள். பக்தரிடம் இரண்டு கருவியும் உண்டு, வெல்வெட் பெட்டியில். பழக்கும்போது வேகத்தையும் தடவையையும் எண்ணுகிறவர், பழுது பார்க்கும்போது ஒன்றையும் அளப்பதில்லை. தம் செய்கையை ஒழுங்குபடுத்திய அறிவைத் தம் செய்கையைச் சந்தேகிக்க அனுப்புவதில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து அளந்துவிட்டு, மேடு இருந்தால் ஒருமுறை ஒழுங்காக மறுபடி பழக்கிப் பார்த்தால் பல டிஸ்க்குகள் பிழைக்கும். நஷ்டம் உதிரிபாகக் கடைக்காரருக்கு மட்டும்தான். அவரும் கலங்க வேண்டியதில்லை. பக்தர் இப்போது டயரின் காற்றழுத்தத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்.