நாப்பாவின் தாராள மனசு

கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கைக் கஞ்சர்களின் ஊர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யவுன்ட்வில், செயின்ட் ஹெலினா, கலிஸ்டோகா என்று சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் சின்னச் சின்ன ஊர்கள். அவற்றைச் சுற்றி வைன் தயாரிக்கும் நூற்றுக்கணக்கான வைனரிகள். அத்தனை வைனரிகளும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நம் வரவுக்காகவே காத்திருக்கின்றன. கிரெடிட் கார்டு எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் போதும், வேறு எதையும் அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

கரும்பு தின்னக் கூலியா என்று கேட்ட நம் பெரியவர்களுக்கு வியாபாரம் தெரியாது. நாப்பாவில் தின்பவரே கூலி கொடுக்கிறார், கொடுத்துவிட்டு நன்றியும் சொல்கிறார். நாலைந்து கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மிடறு வைன். இதற்கு ஆளுக்கு 50 டாலர் என்பது எளியோருக்கான வாசல். நூறைத் தாண்டும் சந்நிதிகளும் உண்டு. போதாக்குறைக்கு, சில பாட்டில்கள் வாங்கினால் அந்தக் கட்டணத்தைக் கழித்தே விடுகிறார்கள். ஐம்பதை மிச்சப்படுத்த முந்நூறு செலவழிக்கும் பொருளாதார ஞானத்தை வேறு எந்தப் பல்கலைக்கழகம் இவ்வளவு இனிமையாகக் கற்றுக்கொடுக்கும்?

முன்பதிவு செய்யாமல் போய் நின்றால் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். இது கர்வம் அல்ல, சட்டபக்தி. விளைநிலம் கட்டடமாகிவிடக் கூடாது என்று 1968இல் நாப்பா கவுண்டி வேளாண் காப்பு நிலத்தை வரையறுத்தது. 1990இல் இன்னொரு விதி வந்தது: இனிப் புதிதாக வரும் வைனரிகள், நேரம் குறித்துக்கொண்டு வருபவர்களுக்கு மட்டுமே வைனை ஊற்றிச் சுவைக்கக் கொடுக்கலாம். திராட்சைத் தோட்டம் திருவிழாத் திடலாகிவிடக் கூடாது என்பது நோக்கம். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் பிழைப்பு போயிற்றே என்று தலையில் கை வைத்திருப்பார்கள். இவர்கள் விதியை மதித்தார்கள். வருகிறவர்களின் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு, வருகிறவரிடம் வாங்கும் தொகைக்கு இல்லை என்று கண்டுகொண்டார்கள். சட்டம் வாசலில் பூட்டுப் போட்டது, இவர்கள் சாவிக்கு விலை வைத்தார்கள். வார இறுதியில் நெடுஞ்சாலை 29இல் ஊர்ந்துபோகும் கார் வரிசையைப் பார்த்தால் அந்த விளைநிலம் எவ்வளவு அமைதியாகக் காக்கப்படுகிறது என்பது விளங்கும்.

இந்தப் புகழெல்லாம் சும்மா வந்ததல்ல. 1976இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்பவர் ஒரு வைன் போட்டி நடத்தினார். பாட்டில்களின் லேபிளை மறைத்து, பிரெஞ்சு நடுவர்களுக்கு பிரெஞ்சு வைனையும் கலிஃபோர்னிய வைனையும் கலந்து கொடுத்தார். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லர்ஸும் வெள்ளையில் ஷாத்தோ மான்டெலீனாவும் முதலிடம் பெற்றன. இரண்டும் நாப்பாவைச் சேர்ந்தவை, இரண்டும் 1973ஆம் ஆண்டு வைன்கள். எந்த ஊர், யார் வீடு, என்ன விலை என்பது எதுவுமே தெரியாமல் நாக்கு தந்த தீர்ப்பு அது.

அந்த வெற்றியிலிருந்து நாப்பா கற்ற பாடம் மெச்சத்தக்கது. லேபிளை மறைத்து ஒருமுறை ஜெயித்தாகிவிட்டது, இனி எதற்கு மறைக்க வேண்டும்? இன்று அங்கே போகிறவருக்கு முதலில் மாளிகை, பிறகு பீப்பாய்கள் அடுக்கிய குகை, பிறகு உரிமையாளரின் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்ற வரலாறு, பிறகு மண்ணின் மகத்துவம். எல்லாம் முடிந்து, பாட்டிலின் விலையும் காதில் விழுந்த பிறகே கிண்ணம் கைக்கு வருகிறது. அதற்குள் நன்றாக இருக்கிறது என்று நாமே முடிவு செய்திருப்போம். நாக்குக்கு எவ்வளவு சிரமம் மிச்சம்! கிண்ணத்தில் பென்சில் சீவலும் புகையிலையும் பதனிட்ட தோலும் மணப்பதாக அவர்கள் சொல்லும்போது, எனக்குத் திராட்சை மணக்கிறதே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாலும் சிரிக்கமாட்டார்கள். அவ்வளவு பண்பு.

ஒரே நாளில் மூன்று வைனரிக்கு மேல் போகாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். காரோட்டியின் ரத்தத்தில் மது 0.08 சதவீதத்தை எட்டினால் குற்றம். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். மேசைமேலேயே துப்புவதற்கு அழகிய பாத்திரம் இருக்கிறது. கிண்ணத்துக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கியதை நாகரிகமாகத் துப்பிவிட்டு அடுத்த சந்நிதிக்குக் கிளம்பலாம்.

அறுவடைக் காலமான ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையில் போவதென்றால் இன்னொரு கரிசனத்தையும் காணலாம், அல்லது காணாமல் இருக்கலாம். பழம் குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்று நள்ளிரவுக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் பறிக்கிறார்கள். பறிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள். பத்து மணிக்கு நம் முன்பதிவு தொடங்கும்போது அவர்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். மண்ணைப் பற்றிய அந்த நீண்ட உரையில் மண்ணில் நின்றவர்கள் குறுக்கே வந்து நம் ரசனையைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா?

விடைபெறும்போது வைன் கிளப்பில் சேரச் சொல்வார்கள், சேர்ந்துவிடுங்கள். கேட்காமலே ஆண்டுக்குச் சில முறை வீட்டு வாசலுக்குப் பெட்டி வரும், கேட்காமலே பணமும் கழியும். ஒருநாள் பழகியதற்கு இப்படி உறவு பாராட்டுகிறவர்கள் உலகில் எங்கே இருக்கிறார்கள்? சொந்தபந்தம் மறந்தாலும் நாப்பா நம்மை மறக்காது, கார்டு காலாவதியாகும் வரை.