இஞ்சிவிளை எல்லையில் குறைந்த செலவில் குதிரை கூட்டுதல்: ஓர் ஆய்வு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. வரலாற்றாசிரியர்கள் இதை மொழிப் பிரச்சினை என்று எழுதி முடித்துவிட்டார்கள். இஞ்சிவிளை, ஊரம்பு, செங்கல் பக்கத்துப் பழைய ஸ்பிளெண்டர் பைக்குகளின் கதி என்னவாயிற்று என்று எவரும் ஆராயவில்லை. பதிவெண் கேரளத்து கே.எல். 20, பெட்ரோலோ மலிவாகக் கிடைக்கும் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில். இப்படி இரட்டைக் குடியுரிமை பெற்ற வண்டிக்கு இழுவை குறைந்தால் பரிகாரம் என்ன?

முதலில் ஆய்வுப் பொருள். சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 49.5, கொள்ளளவு 97.2 சிசி. திறன் ஏறத்தாழ 7.5 குதிரை. (இந்த எண்ணைக் கண்டதும் சோதிடர்கள் உள்ளே வரப் பார்ப்பார்கள், அனுமதியில்லை.)

இதை மேம்படுத்துவதில் மூன்று மதங்கள் உண்டு. மூத்தது துளைவாதம்.

"ஆசானே, வண்டி வலிக்கல்ல."

"போர் போடணும் மக்களே."

மெக்கானிக் ஆசானோடு உரையாடல் அவ்வளவுதான், பிறகு சிலிண்டர் லேத்துக்குப் போய்விடும். ஓவர்சைஸ் பிஸ்டன் கால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும். முழுசாக ஒரு மில்லிமீட்டர் கூட்டினாலும் கொள்ளளவு 101.1 சிசிதான். லாபம் 3.9 சிசி, அதாவது ஒரு தேக்கரண்டி இருமல் மருந்துக்கும் குறைவு. ஆனாலும் வண்டி பாய்கிறதே என்பார்கள். பாயத்தான் செய்யும். தேய்ந்த ரிங் வழியாக ஒழுகிக்கொண்டிருந்த அழுத்தம் இப்போது உள்ளேயே நிற்கிறது. கம்பெனி கொடுத்த குதிரைகளே வீடு திரும்பியிருக்கின்றன. ஆசான் புதிதாக ஒன்றையும் பிடித்துக் கட்டவில்லை.

அடுத்தது பல்வாதம். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல் இருந்தால் 13 ஆக்குவது. ஏற்றத்தில் இழுவை ஏறக்குறைய 7.7 சதவீதம் கூடும். அதே எஞ்சின் சுழற்சிக்கு வேகம் 7 சதவீதம் குறையும். மைலேஜும் கொஞ்சம் போகும். இருந்தும் மூன்றில் இதுதான் நாணயமான வியாபாரம்: எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது பல்லை எண்ணினாலே தெரியும்.

மூன்றாவது ஓசைவாதம். சைலன்சரின் உள்குழலை எடுத்துவிட்டால் வேகம் கூடும் என்பது கோட்பாடு. வேகத்தை இவர்கள் காதால் அளக்கிறார்கள். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் சைலன்சரை மட்டும் திறந்துவிட்டால் கலவையில் காற்று மிகும், எஞ்சின் சூடேறும். சத்தமோ இரு மாநிலக் காவலர்களுக்கும் பாரபட்சமின்றிக் கேட்கும்.

இவர்கள் மூவரும் ஏங்குவது ஆர்.எக்ஸ். 100 பைக்குக்காக. அதுவும் 98 சிசிதான். சிலிண்டர் விட்டமும் அதே 50. ஆனால் 11 குதிரை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். ஸ்பிளெண்டர் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஓய்வெடுக்கும். ஓய்வெடுப்பவரைத் துளையிட்டு உழைப்பாளி ஆக்க முடியாது. 1996இல் ஆர்.எக்ஸ். 100இன் உற்பத்தி நின்ற பிறகும் அந்த ஏக்கம் நிற்கவில்லை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே கையில் காசு குறைவாக உள்ளவர்கள் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள், வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், டயருக்குக் காற்றடியுங்கள். அதன்பிறகும் வலிக்காவிட்டால் மட்டும் ஆசானிடம் போங்கள்.