இருக்கட்டும், ஆகும்

என் சித்தப்பாவைப் போல் பொருளின் அருமை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. மதுரையில் அவர் வீட்டுக்குப் போய்வந்த யாரும் இதை மறுக்கமாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த அருமை காலில் இடிக்கும். முதலில் இடிப்பது ஆட்டுக்கல் குழவி. ஆட்டுக்கல் எங்கே என்று ஒருமுறை கேட்டேன். அது 1998-லேயே உடைந்துவிட்டதாம்.

"குழவி நல்லாத்தானேப்பா இருக்கு? இருக்கட்டும், ஆகும்" என்றார்.

சிவபக்தர்களுக்கு ஐந்தெழுத்து என்றால் சித்தப்பாவுக்கு இந்த மூன்றெழுத்து. எதற்கு ஆகும், எப்போது ஆகும் என்று கேட்பது விதண்டாவாதம். பக்தியில் தேதி கேட்கக் கூடாது.

அரசு அலுவலகத்தில் 31 வருஷம் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தவர். ஒரு காகிதத்தையும் தொலைத்ததில்லை என்று பெயர் வாங்கியவர். கேட்டபோது எடுத்துக் கொடுத்தாரா என்பது தனி விஷயம். அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஓய்வு பெற்றதும் அந்தத் திறமை வீணாகிவிடுமோ என்று கவலைப்பட்டோம். வீணாகவில்லை.

அவருடைய தாராள மனசுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். வீட்டில் மூன்றாவது ரூம் பத்துக்குப் பத்து. கதவு கால்வாசிதான் திறக்கும். ஒல்லியானவர்கள் பக்கவாட்டில் நுழைந்து, நுழைந்த மாதிரியே பின்னோக்கி வரலாம். அந்தப் பக்கத்தில் இன்றைக்குச் சதுர அடி 5,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் பேசுவதில்லை. ஆக அந்த நூறு சதுர அடிக்கு 5 லட்சம். உள்ளே இருக்கும் சாமானைப் பழைய இரும்புக் கடைக்காரர் வாசலில் நின்றபடி கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு 3,200 ரூபாய் தருவதாகச் சொன்னார். சொந்தத் தம்பி நாலு நாள் தங்கினாலே முகம் சுளிக்கிற காலம் இது. 3,200 ரூபாய்ச் சாமானுக்கு 5 லட்ச ரூபாய் இடத்தைக் கொடுத்து, வாடகை என்று ஒரு பைசா கேட்காமல், வருஷக்கணக்காக வைத்துக் காப்பாற்றுகிற மனசு வேறு யாருக்கு வரும்?

கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்தபோது அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்று சித்தி இன்றைக்கும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. குழி வெட்டி, மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்து, எந்த அடுக்கில் என்ன கிடைத்தது என்று எப்படிக் குறித்திருக்கிறார்கள் பாருங்கள் என்று நான் விளக்கிக்கொண்டே வந்தேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

"ஏப்பா, உடைஞ்ச சட்டியையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வச்சு லைட்டுப் போட்டிருக்கான். உங்க சித்திகிட்ட வந்து சொல்லு."

அன்றோடு அந்த வீட்டில் எதையும் தூக்கிப் போடச் சொல்லும் யோக்கியதை எங்கள் எல்லோருக்கும் போயிற்று.

ஆனால் கீழடிக்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. பரணில் ஏறியிருந்தால் போதும். மேலடுக்கில் கூரியரில் வந்த அட்டைப்பெட்டிகள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி, கடைசிப் பெட்டிக்குள் மடித்த அட்டை. அதன் கீழே அரசு கொடுத்த கலர் டி.வி. அதற்கும் கீழே அவர் மகளின் கல்யாண வீடியோ காசெட்டுகள் மூன்று. போட்டுப் பார்க்க வி.சி.ஆர். கிடையாது. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஜப்பான்காரர்களுக்குப் பொறுமை அவ்வளவுதான். சித்தப்பா இன்னும் நம்பிக்கை இழக்கவில்லை. அடியாழத்தில் எவர்சில்வர் அண்டா, அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் தூக்குவாளி. எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். தூக்குவாளியைத் துடைத்துப் பார்த்தேன்: 'காதுகுத்து 9-6-83'. யாருடைய காது என்று வெட்ட இடம் போதவில்லை. சித்திக்கும் தெரியவில்லை. அந்தக் காதுக்கு இப்போது நாற்பதுக்கு மேல் வயதிருக்கும். எங்கேயோ நன்றாக இருக்கட்டும்.

ஹாலில் உள்ள ஷோகேஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகள் கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் அதில் இருக்கிறது. நீலப்பூப் போட்டது, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. மாதம் ஒருமுறை சித்தி ஒவ்வொரு தட்டாக எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். அதில் ஒரு பருக்கை விழுந்ததில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு வளைந்த எவர்சில்வர் தட்டில். புறநானூற்றில் 95-ஆவது பாட்டு இதைப் பற்றியதுதான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய ஆயுதங்களைப் பார்க்கிறாள். பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள பெரிய வீட்டில் பளபளவென்று இருக்கின்றன. அதியமானுடையவையோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். பயன்படுத்தாமல் வைத்திருப்பதை அந்தக் காலத்திலேயே ஔவை மனமாரப் பாராட்டியிருக்கிறாள் பாருங்கள். தமிழ் வாத்தியார் இதற்கு ஏதோ வேறு விளக்கம் சொன்னதாக ஞாபகம்; அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

எளிமையில் சித்தப்பாவுக்குக் காந்தியிடம் பெரிய ஈடுபாடு உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரை வேட்டிக்கு மாறினார். அந்த வீட்டில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. ஒவ்வொரு காந்தி ஜெயந்திக்கும் தள்ளுபடி போடுவார்கள். அந்த மகானை நினைத்துச் சித்தப்பா வருஷம் தவறாமல் அங்கே போய் ஒரு சட்டை வாங்குவார். பீரோவில் பதினோரு கதர்ச் சட்டைகள், குண்டூசிகூடக் கழற்றாமல், கவருக்குள். அவர் உடுத்துவது அதே பழைய பனியனும் கைலியும்தான். காந்தி ஆடையைக் குறைத்த இடத்திலேயே நின்று இவ்வளவு ஆடை சேர்த்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

சட்டத்தை மதிப்பதிலும் அப்படித்தான். 2019 ஜனவரி 1 முதல் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. சித்தப்பா அதற்கு முன்னும் பின்னும் ஒன்றைக்கூடத் தூக்கி எறிந்ததில்லை. மெத்தைக்கடியில் முக்கோணமாக மடித்து வைத்திருக்கிறார்.

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, அத்தனை சாமானும் வெளியே வரும். சென்னைக்காரர்கள் போகியன்று பழையதைத் தெருவில் போட்டுக் கொளுத்துவார்கள். 2018-ல் புகை மூட்டத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போயின. சித்தப்பா அந்தப் பாவத்தைச் செய்யமாட்டார். மூன்று நாள் சாமான்களெல்லாம் வாசலில் வெயில் காயும். தெருவே வந்து பார்க்கும். நாலாம் நாள், மாசி வீதி சுற்றிவந்த சாமி கோயிலுக்குள் எழுந்தருளுவதுபோல, அததது அதனதன் இடத்துக்குத் திரும்பிவிடும். போகும்போது ஒன்றிரண்டு கூடியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கழித்துப் போட்டதை விட்டுவிட முடியுமா? போன வருஷம் அப்படி வந்தது ஒரு டேபிள் ஃபேனின் கூண்டு. ஃபேன் பின்னால் வரும்.

ஆடித் தள்ளுபடியைச் சொல்லி முடியாது, விடுகிறேன். நவராத்திரிதான் எனக்குப் பிடித்தது. வருகிற சுமங்கலிகளுக்கு வைத்துக் கொடுக்க ரவிக்கைத் துணி ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எல்லாம் பிறர் வைத்துக் கொடுத்தவை. அதில் ஒன்று ஊதா. மடிப்பில் மஞ்சள் கறை, ஓரத்தில் குங்குமம் பட்ட அடையாளம். நாலு வருஷத்துக்கு முன் சித்தி ஒருத்திக்குக் கொடுத்தது, எத்தனையோ கை மாறி, போன நவராத்திரிக்கு வேறொரு வீட்டுத் தாம்பூலப் பையில் திரும்ப வந்து சேர்ந்தது. கறையை வைத்துச் சித்தி அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். மதுரையில் இதுவரை யாரும் அதைத் தைத்துப் போடவில்லை. அந்த அளவுக்கு மரியாதையான துணி.

ஐப்பசி பிறந்தால் மொட்டை மாடிக்கு விருந்தாளிகள். 2009-ல் விற்ற ஸ்கூட்டரின் டயர் இரண்டு, ஓட்டைப் பக்கெட், கொட்டாங்குச்சிகள் எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர் ஒரு கொட்டாங்குச்சி அளவு தேங்கினால் போதும். அதன் முட்டை காய்ந்த டயருக்குள் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதற்கும் 'ஆகும்' என்ற மந்திரம் தெரியும்போலிருக்கிறது. கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து கவிழ்த்துவிட்டுப் போவார். அவர் தெரு திரும்பியதும் சித்தப்பா நிமிர்த்தி வைப்பார்.

இத்தனை இருந்தும் தேடினால் ஒன்றும் கிடைக்காது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அபாண்டம். கிடைக்கும்; வேண்டியது மட்டும் கிடைக்காது. ஃபியூஸ் போன அன்று ஸ்க்ரூடிரைவர் தேடினோம். வீட்டில் ஏழு இருக்கிறது என்று சித்தப்பா சத்தியம் செய்தார். ஒரு மணி நேரம் தேடியதில் பழைய கேஸ் அடுப்பின் பர்னர், 1996 பஞ்சாங்கம், மூடியில்லாத ஃப்ளாஸ்க், ஃப்ளாஸ்க் இல்லாத மூடி எல்லாம் அகப்பட்டன. மூடி அந்த ஃப்ளாஸ்க்குக்குச் சேரவில்லை. கடைசியில் கடைக்குப் போய் எட்டாவது ஸ்க்ரூடிரைவர் வாங்கினோம்.

அவர் மகள், என் அக்கா, பெங்களூரில் இருக்கிறாள். அப்பாவுக்குத் தப்பாத பெண். மே மாதம் வந்தவள், ஜப்பானிய அம்மாள் மேரி காண்டோ சொன்னபடி வீட்டை எளிமையாக்கப் போவதாக அறிவித்தாள். கையில் எடுத்துப் பார், மகிழ்ச்சி தந்தால் வை, இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பு என்பது அந்த அம்மாளின் வழி. சித்தப்பா உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். எல்லாமே மகிழ்ச்சி தந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். எளிமைக்கு என்று அக்கா வாங்கிவந்த 24 கண்ணாடி டப்பாக்களில் ஆறு நிரம்பியது. மிச்சம் பதினெட்டு டப்பாவும், அவற்றை வைத்துவந்த பெரிய அட்டைப்பெட்டியும் மூன்றாவது ரூமில் சேர்ந்தன. மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாக மேரி காண்டோவே 2023-ல் சொன்ன செய்தியைச் சித்தப்பா பேப்பரிலிருந்து கத்தரித்து வைத்திருக்கிறார். எங்கே என்றுதான் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் போன கார்த்திகையில் வாயை மூடிக்கொண்டோம். சித்திக்கு முழங்கால் ஆபரேஷன். வாக்கர் வேண்டும் என்றார் டாக்டர். விலை விசாரிக்க நான் போனை எடுத்தேன். சித்தப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஒளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எங்கம்மாவுக்கு வாங்கினது பரண்ல இருக்கு. பத்தொம்பது வருஷம். அன்னிக்கே தூக்கிப் போடச் சொன்னீங்க எல்லாரும்."

இரண்டு ஆட்களை வைத்து அரை நாள் இறக்கினோம். அட்டைப்பெட்டி, கலர் டி.வி., காசெட், அண்டா எல்லாம் ஹாலுக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய போர்வை சுற்றி, வாக்கர். கால் ரப்பர்கூடத் தேயவில்லை. சித்தப்பா அதைத் தரையில் ஊன்றித் தட்டிக் காட்டினார். "ஆகும்னு சொன்னேன்ல?"

வாக்கரின் அகலம் இரண்டடி. ஹாலிலிருந்து பாத்ரூமுக்குப் போகும் வழியில் ஒரு பக்கம் பேப்பர்க்கட்டு, மறுபக்கம் பழைய தையல் மிஷின்; நடுவில் ஒன்றரை அடி. பரணிலிருந்து இறக்கியவை வேறு இன்னும் ஏறவில்லை.

சித்தி ஒரு கையால் பேப்பர்க்கட்டையும் மறு கையால் தையல் மிஷினையும் பிடித்துக்கொண்டு போய்வருகிறாள். வாக்கர் ஹால் ஜன்னலோரம் நிற்கிறது. நேற்றுப் போனபோது அதில் இரண்டு துண்டும் ஒரு கைலியும் காய்ந்துகொண்டிருந்தன.