குண்டு ஓரிடம், பசி வேறிடம்

கேள்வி: ரஷ்யாவும் உக்ரைனும் மோதினால், லெபனான்காரர் ஏன் ரொட்டிக்கு வரிசையில் நிற்க வேண்டும்?

பதில்: பீரங்கிச் சத்தம் லெபனான் தலைநகர் பெய்ரூட்டுக்குக் கேட்காது, பில் மட்டும் தவறாமல் வந்துவிடும். லெபனான் இறக்குமதி செய்த கோதுமையில் பெரும்பகுதி உக்ரைனில் விளைந்தது. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரைனின் ஒடேசா துறைமுகம் முடங்கியது. கையிருப்பை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், பெய்ரூட் துறைமுகத்தின் பிரமாண்ட தானியக் கிடங்கு 2020 ஆகஸ்ட் 4 வெடிவிபத்திலேயே சிதைந்துபோயிருந்தது. நாணய மதிப்போ அதலபாதாளத்தில். பேக்கரி வாசலில் கூட்டம், தள்ளுமுள்ளு. விலை ஏறினால் பணக்கார நாடு கூடக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். ஏழை நாட்டுக்காரர் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைப்பார். 2022 ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று இஸ்தான்புல்லில் ஒப்பந்தம் போட்டுத் தானியக் கப்பல்களுக்கு வழிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ரஷ்யா அதிலிருந்து விலகிக்கொண்டது. சண்டையில் சேராதவர் வயிற்றைப் பேரத்தில் வைத்தது மன்னிக்க முடியாத கொடுமை.