அன்று கிடைத்த வண்டி, இன்று எடுக்கும் வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் கார் வாங்கப் போகிறவரிடம் ஊர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அம்பாசிடரா, பியட்டா? மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எப்போதாவது கண்ணில் படும். அதுவும் பழைய வண்டி. புது வண்டிக்குப் பணம் கட்டினால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கைமாறி வரும் வண்டிதான் பெரும்பாலோருக்கு வாய்த்தது.

என் பெரியப்பா வாங்கியதும் அப்படித்தான். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அம்பாசிடர் விலைக்கு வருகிறது என்று தகவல் வந்தது. "பியட்டுல நாலு பேரு தாராளமா உக்காரலாம். நம்ம வீட்டுல எந்த நாலு பேர ஏத்துறது?" என்றார். முன்னால் ஒரே நீளச் சீட்டு, கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டி. குழந்தைகளையும் சேர்த்தால் கல்யாணத்துக்கு முக்கால்வாசிக் குடும்பம் அதில் போய்விடும்.

வண்டி பார்க்கப் போனபோது கூடவே மெக்கானிக்கையும் அழைத்துப் போனார். அவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. தரையில் சாக்கை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்து துரு இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டு, ஒட்டி வந்த கரியைக் கட்டைவிரலால் தேய்த்தார். கரி உலர்ந்து பொடியாக உதிர்ந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயில் எரிகிறது. அன்று பொடிதான் உதிர்ந்தது. "எடுங்கண்ணே" என்றார் மெக்கானிக். பெரியப்பா அங்கேயே முன்பணம் கொடுத்தார்.

அந்த உறுதிக்குக் காரணம் இருந்தது. எத்தனை பேர் ஏறுவார்கள், எந்தச் சாலையில் ஓடும், நின்றுபோனால் யார் பார்ப்பார் என்ற மூன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அவரும் கேட்காத, ஊரில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: மோதினால் உள்ளே இருப்பவர் கதி என்ன? அந்த வண்டியில் சீட் பெல்ட்டே கிடையாது. பிள்ளைகள் நாங்கள் முன் சீட்டின் முதுகைப் பிடித்து நின்றுகொண்டே திருச்சி வரை போனோம்.

பிறகு புது வண்டிகள் வரத் தொடங்கின. 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் மாருதி 800-இன் சாவி கைமாறியது. 796 சிசி இன்ஜின். சின்னக் குடும்பத்துக்கென்று வந்த வண்டி. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-இல் முடிந்தது. அதே ஆண்டு குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் நன்றாக விற்ற ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம்.

சமீபத்தில் என் தங்கை மகள் கார் எடுத்தாள். இன்றைய சிக்கலே வேறு. ஒரே காரில் பத்துப் பதினைந்து வேரியன்ட். பெட்ரோல், சிஎன்ஜி, எலக்ட்ரிக். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. "இப்பவே புக் பண்ணுங்க" என்று ஷோரூமிலிருந்து போன் மேல் போன். அவள் அசரவில்லை. ஷோரூமுக்குப் போகும் முன்பே தன் தேவையை ஒரு தாளில் எழுதிவிட்டாள். தினமும் புதுக்கோட்டைக்குள் ஓட்டம், மாதம் ஒருமுறை திருச்சி, முட்டிவலி உள்ள அம்மாச்சி, ஒரு குழந்தை. அதற்குக் கீழே பார்க்க வேண்டிய வண்டிகள்.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாச்சியையும் அழைத்துப் போனாள். உயரமான ஒரு வண்டியில் ஏறவே அம்மாச்சி சிரமப்பட்டார். தாளிலிருந்து அது நீங்கியது. "மாமா, நீங்க பின்னாடி உக்காந்து பெல்ட் போட்டுப் பாருங்க" என்றாள். ஒரு வண்டியில் பெல்ட் கொக்கி சீட்டுக்குள் புதைந்து கிடந்தது, அதுவும் நீங்கியது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்ற சோதனை இருக்கிறது. மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் மோதவிட்டு, பெரியவர்களுக்குத் தனியாக, குழந்தைகளுக்குத் தனியாக நட்சத்திரம் தருகிறார்கள். இரண்டையும் பார்த்தாள். ஷோரூம் விலையை ஓரமாக வைத்துவிட்டு வரி, இன்சூரன்ஸ் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுதி வாங்கினாள். மீதியிருந்த இரண்டில் ஒன்றைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

புது வண்டிக்கு எங்கள் ஊர்ப் பிரகதாம்பாள் சன்னிதியில் பூஜை, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். பெரியப்பா காலத்திலும் அதுதான், இப்போதும் அதுதான்.

கார் எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விளம்பரம் பார்க்கும் முன் உங்கள் வீட்டைப் பாருங்கள், தேவையை எழுதுங்கள். வீட்டில் மூத்தவரையும் குழந்தையையும் உட்கார வைத்துப் பாருங்கள். நட்சத்திரத்தைக் கேளுங்கள். பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்படும் முதல் ஓட்டத்திலேயே அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிடுங்கள்.